மரக்காணத்து இரவு வானம்

சென்னையிலிருந்து புதுவைக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் கடந்ததும், சாலையின் மருங்கெல்லாம் வெண்மை படரத் தொடங்குகிறது. முதன்முறையாக அவ்வழியே வருவோர் பேருந்தின் சன்னலோரம் எழுந்து நின்று பார்ப்பதுண்டு. கட்டம் கட்டமாக வரப்பிட்ட பாத்திகள். பாத்திகளில் பளிச்சிடும் உவர்நீர். கரையோரத்தில் கீற்றால் மூடிய உப்புக் குவியல்கள். மரக்காணத்து உப்பளங்கள் இவை. பகலில் வருவோர் வண்டியை நிறுத்திப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, கண் கூசுகிறதென்று கூறி விரைவில் புறப்பட்டுவிடுவர். நாங்களும் பலமுறை அவ்வாறே கடந்து சென்றிருக்கிறோம். இம்முறை நாங்கள் குடும்பத்தோடு சென்றது இரவுக்காக. மார்ச் மாதத்து அமாவாசையை ஒட்டிய இரண்டு இரவுகளை அவ்வூர்க் கடற்கரையில் ஒரு சிறு குடிலில் தங்கிக் கழித்தோம்.

இரவைப் பார்க்க ஒரு பயணமா என்று உறவினர் சிலர் நகைத்தனர். அவர்கள் நகைத்ததில் வியப்பில்லை. இரவு என்பது எல்லார் வீட்டுக்கும் தானே வந்து சேர்வதுதானே! ஆயினும் நகரத்தில் வாழும் இல்லறத்தார் ஒரு நாள் தம் பிள்ளைகளை மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று விண்மீன்களை எண்ணச் சொல்லிப் பார்க்கட்டும். எங்கள் பிள்ளைகள் எண்ணியபோது முப்பதைத் தாண்டவில்லை. பால்வழி மண்டலத்தைப் பள்ளிப் புத்தகத்தின் படத்தில் அன்றி வேறெங்கும் அவர்கள் கண்டதில்லை. இந்நிலை எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. மனித இனத்தில் மூன்றில் ஒரு பங்கினருக்குமேல் தாம் வாழும் இடத்திலிருந்து பால்வழியைக் காண இயலாது என்று 2016ஆம் ஆண்டில் வெளியான உலக ஒளிமாசு வரைபடம் காட்டியது. 2011 முதல் 2022 வரை பல நாட்டுப் பொதுமக்கள் வெறுங்கண்ணால் பார்த்து அனுப்பிய குறிப்புகளை ஆராய்ந்தவர்கள், இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஏறத்தாழ பத்து வீதம் கூடி வருகிறது என்று 2023இல் எழுதினர். அக்கணக்குப்படி, ஒரு குழந்தை பிறந்தபோது 250 விண்மீன்கள் தெரிந்த ஊரில், அக்குழந்தைக்குப் பதினெட்டு வயது ஆகும்போது 100 விண்மீன்களே தெரியும். புகையும் தூசும் ஒரு காரணமே. மேல்நோக்கி வீணாய்ச் சிதறும் விளக்கொளியே முதற்காரணம்.

இதனால் இருட்டையே காத்து வைக்கும் பூங்காக்கள் உலகில் தோன்றியுள்ளன. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இயற்கைப் பாலங்கள் என்னும் பாறை வளைவுகள் உள்ள தேசியச் சின்னம் 2007இல் உலகின் முதல் இருள்வானப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நம் நாட்டில் லடாக்கின் ஹான்லேயைச் சுற்றிய பகுதி 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வான்காணகம் அங்கே இருக்கிறது. சிற்றூர்ப் பெண்களும் இளைஞர்களும் தொலைநோக்கி இயக்கப் பயிற்சி பெற்று, வருவோரைத் தம் வீடுகளில் தங்கவைத்து வானத்தைக் காட்டுகின்றனர் என்று படித்தபோது மகிழ்ந்தோம். மகாராட்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024 சனவரியில் அனைத்துலக அங்கீகாரம் பெற்ற இந்தியாவின் முதல் இருள்வானப் பூங்கா ஆயிற்று. நம் தமிழக அரசும் கொல்லிமலையில் இத்தகைய பூங்கா அமைக்கத் திட்டம் அறிவித்துள்ளது.

லடாக்குக்குச் சென்றுவர நடுத்தரக் குடும்பத்திற்கு ஆகும் செலவை இங்கே எழுத வேண்டியதில்லை. மாதச் சம்பளக்காரர் ஒருநாள் விடுப்பில், பேருந்துக் கட்டணத்தில் சென்றடையக்கூடிய இருட்டு எது? அதைத் தேடியே மரக்காணம் சென்றோம். அவ்வூர் பூங்காவும் அன்று, காப்பகமும் அன்று. எந்தச் சான்றிதழும் அதற்கு இல்லை. கிழக்கே கடல், மேற்கே உப்பளம். இரண்டிலும் வீடுகள் இல்லை, விளக்குக் கம்பங்கள் இல்லை. அவ்வளவே அதன் தகுதி.

பழம்பெருமை வேறு உண்டு. சிறுபாணாற்றுப்படை கூறும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினம் இவ்வூரே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். பூமீசுவரர் கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. ஊருக்குத் தெற்கே கழுவெளி என்னும் உவர்நீர்ப் பெருநிலம் 5,000 எக்டேருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. 2021இல் பறவைகள் காப்பகமாகவும், 2024 ஆகத்தில் அனைத்துலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் அது அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் தொலைநாடுகளிலிருந்து பறவைகள் அங்கே வந்து இறங்குகின்றன. அவற்றுள் பல இரவில், விண்மீன்களை வழிகாட்டியாகக் கொண்டு பறப்பவை என்பது இக்கட்டுரைக்குத் தொடர்பில்லாத செய்தி அன்று.

குடிலும் காவலாளியும்

சவுக்குத் தோப்பின் ஓரத்தில், மரப்பலகைச் சுவரும் கீற்றுக் கூரையுமாக இருந்தது நாங்கள் தங்கிய குடில். முற்றத்தில் ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு குடம் தண்ணீர், ஒரு புங்கமரம். மின்விசிறி சுழன்றது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றைத் தவிர. தோப்பின் நடுவே உயர்ந்த கம்பத்தில் ஒரு போக்கஸ் விளக்கு, பகலைப் போல் எரிந்துகொண்டிருந்தது. அதன் ஒளி கடலலைமீது நூறடி தொலைவு விழுந்தது.

"இதைக் கொஞ்சம் அணைக்கலாமா ஐயா?" என்று காவலாளிப் பெரியவரைக் கேட்டோம்.

அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "வந்தவங்க எல்லாம் இன்னும் ரெண்டு லைட்டு போடுன்னுதான் கேப்பாங்க. அணைக்கச் சொல்றவங்க நீங்கதான். பூச்சி பொட்டு வந்தா என்னைத்தான் கேப்பாங்கம்மா" என்றார்.

அவர் அச்சம் நியாயமானதே. முடிவில் போக்கஸ் விளக்கை அணைத்துவிட்டு, குடிலின் படியருகே காலடி மட்டும் தெரியுமாறு ஒரு சிறு மஞ்சள் விளக்கை எரியவிட இசைந்தார். அவ்விளக்குக்கு ஒரு தகர டப்பாவை வெட்டி அவரே தொப்பி செய்து கவிழ்த்தது எங்களுக்குப் பெரிதும் பிடித்தது. மேலைநாட்டு நிபுணர்கள் எழுதும் விதியும் அதுவே: விளக்கு கீழ்நோக்கி இருக்கவேண்டும், மூடி இருக்கவேண்டும், மஞ்சளாய் இருக்கவேண்டும், தேவையான பொழுது மட்டும் எரியவேண்டும்.

இருட்டு பழகுவதற்குக் கண்ணுக்கு அரைமணி நேரம் தேவை. கருமணி விரிவது சில நொடிகளில் நிகழ்ந்துவிடும்; ஆனால் விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் நிறமிப்பொருள் ஊறிச் சேர்வதற்கு இருபது முப்பது நிமிடம் ஆகும். இடையில் ஒருவர் கைப்பேசியைத் திறந்தால் அத்தனையும் வீண். ஆகவே எல்லாக் கைப்பேசிகளையும் பாட்டியின் மடியில் ஒப்படைத்தோம். பாட்டி அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டு கட்டிலில் சாய்ந்தார். பிறகு அவரே முதலில் பேசினார்: "அதோ ஆறாமீன்! நான் கல்யாணமாகி வந்த வருஷம் பார்த்தது."

மேற்கே கார்த்திகைக் கூட்டம், அதன்மேல் உரோகிணி, அடுத்து மிருகசீரிடமும் செந்நிறத் திருவாதிரையும். தெற்கே அகத்தியர் விண்மீன் தென்னைமர உயரத்தில் நின்றது. வானத்து விண்மீன்களுள் ஒளியில் இரண்டாவது அது. வடகிழக்கில் ஏழுமுனிவர் எழுந்துகொண்டிருந்தனர். பாட்டி திருமணத்தன்று அருந்ததி பார்த்ததாகச் சொன்னார். உண்மையில் தெரிந்ததா என்று பேத்தி கேட்டாள். "புரோகிதர் காட்டினார், தலையாட்டினேன்" என்றார். அன்றிரவு அவர் அருந்ததியைப் பைனாகுலர் வழியாக வசிட்டருக்கு அருகில் தெளிவாகக் கண்டார்.

ஒன்றை மறைக்காமல் எழுதவேண்டும். மரக்காணத்து வானம் முழு இருட்டு அன்று. வடக்கே சென்னையின் திசையில் ஒரு மங்கிய வெளுப்பு. தெற்கே 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுவை அதைவிடப் பெரிய ஒளிக்கூடாரம் அடித்திருந்தது. துருவ விண்மீன் இவ்வூரில் தொடுவானத்துக்கு மேல் 12 பாகை உயரத்திலேயே நிற்கும்; கையை நீட்டி மடக்கிய விரல்முட்டியை வைத்து அளந்தால் ஒரு முட்டிக்குச் சற்று மேல். வடக்கு வெளுப்பில் அதைத் தேடிப் பிடிக்கச் சிறிது நேரம் ஆயிற்று. ஆனால் கிழக்கிலும் தென்கிழக்கிலும் கடல்தான். தொலைவில் மீன்பிடி படகுகளின் நான்கைந்து விளக்குகளைத் தவிர இருட்டு இருட்டாகவே இருந்தது.

புதுவையில் இருவர்

புதுவையின் ஒளியைப் பார்த்தபடி, அதே புதுவை வானத்தைப் பார்த்த இருவரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொன்னோம்.

முதல்வர் ழான் ரிஷோ என்னும் பிரெஞ்சு இயேசு சபைக் குரு. மன்னர் பதினான்காம் லூயி சயாம் நாட்டுக்கு அனுப்பிய கணித அறிஞருள் ஒருவர். 1688இல் அங்கே புரட்சி மூண்டதால் புதுவை வந்து சேர்ந்தார். 1689 டிசம்பரில் ஒரு வால்விண்மீனைத் தொலைநோக்கியால் தொடர்ந்து பார்த்துவந்தபோது, தெற்கே தாழ நிற்கும் ஆல்பா சென்டாரி ஒற்றை விண்மீன் அன்று, இரண்டு விண்மீன்களின் இணை என்று கண்டறிந்தார். சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் குடும்பம் அதுவே என்பதும், அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ நாலரை ஆண்டு ஆகும் என்பதும் பிற்காலத்தில் அறியப்பட்டவை. பாரிசு நகரத்திலிருந்து அவ்விண்மீனைக் காணவே இயலாது. சோழமண்டலக் கரைக்கு வந்ததால் அவருக்கு அது வாய்த்தது.

மற்றவர் கதை சோகமானது. லெ ழான்டில் என்னும் வானியலர், சூரியனின் முகத்தை வெள்ளிக்கோள் கடந்து செல்லும் அரிய காட்சியைப் புதுவையில் அளக்க 1760இல் பிரான்சிலிருந்து கப்பலேறினார். அவர் கரை சேருமுன் புதுவை ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761 சூன் 6ஆம் நாள் ஆடும் கப்பலின் தளத்திலிருந்து அக்காட்சியைப் பார்த்தார், அளக்க முடியவில்லை. அடுத்த கடப்பு எட்டாண்டு கழித்து. ஊர் திரும்பாமல் காத்திருந்தார்! 1768இல் புதுவை வந்தார், வான்காணகம் அமைத்தார். காத்திருந்த காலத்தில் தமிழ்க் கணியரிடம் கிரகணக் கணக்கைக் கற்றார். சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளால் அவர்கள் விரைந்து கணக்கிடும் திறத்தை வியந்து பிரெஞ்சு மொழியில் எழுதிவைத்தார். 1769 சூன் 4ஆம் நாள் விடியலில் கடலிலிருந்து மேகம் எழுந்தது. வெள்ளி கடந்து முடியும் வரை சூரியன் தெரியவில்லை. முடிந்தபின் வானம் வெளுத்தது. 1771இல் அவர் தாய்நாடு திரும்பியபோது, இறந்துவிட்டார் என்று கருதி உறவினர் சொத்தைப் பங்கிடத் தொடங்கியிருந்தனர்.

"பாவம் அவர், இன்னொரு வெள்ளி வராதா?" என்றான் இளையவன். 105 ஆண்டு கழித்து 1874இல் வந்தது என்றோம். அவன் வெகுநேரம் பேசவில்லை.

உப்பளத்தில்

இரண்டாம் இரவு மூன்று மணிக்கு எழுந்து, குத்தகைக்காரர் ஒருவரிடம் முன்பே இசைவு பெற்றிருந்தபடி, உப்பளத்து மண்பாதையில் நடந்தோம். காற்று அடங்கிவிட்டிருந்தது. அந்நேரத்தில் பாத்திநீர் கண்ணாடியைப் போல் அசையாது நிற்கும் என்று காவலாளி சொல்லியிருந்தார். நாங்கள் முழுதும் நம்பவில்லை.

முதலில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் மகள் மட்டும் பெற்றவள் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். வானத்திலும் விண்மீன், காலடியிலும் விண்மீன். இடையே வரப்பு ஒரு கறுப்புக் கோடு. தெற்கே சிலுவை வடிவில் நான்கு விண்மீன்கள் மேற்காகச் சாய்ந்திருந்தன. டில்லியிலிருந்து இதை முழுவடிவாய்க் காண இயலாது, தென்னாட்டவர்க்கே உரியது. அதன் கிழக்கே ரிஷோ பார்த்த ஆல்பா சென்டாரி, தொடுவானத்துக்கு மேல் 17 பாகை உயரத்தில். பைனாகுலரில் அது இரண்டாகப் பிரியவில்லை. அதற்குத் தொலைநோக்கியே வேண்டும். சற்று மேலே பஞ்சுத் துணுக்குப் போன்ற ஒன்று தெரிந்தது: ஒமேகா சென்டாரி, ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்களின் கோளக்கூட்டம். தென்கிழக்கில் விருச்சிகம் கொடுக்கை உயர்த்தி நிற்க, கேட்டை சிவந்து எரிந்தது. அவற்றினூடே கடலிலிருந்து எழுந்து தலைக்குமேல் நோக்கி ஒரு வெண்புகைப் பட்டை. "மேகம் வருகிறது" என்றான் இளையவன். மேகம் அன்று. அவன் பிறந்து ஒன்பது ஆண்டு கழித்துத் தன் வீட்டை, அதாவது தான் குடியிருக்கும் பால்வழியை, முதன்முறை பார்த்தான்.

மூன்றரை மணிக்குமேல் மிதிவண்டிகளின் கிறீச்சொலி கேட்டது. உப்பு வார ஆட்கள் வரத் தொடங்கினர். வெயில் ஏறினால் உப்பளத்தில் நிற்க இயலாது. ஆகவே விடியலுக்கு முன்பே வேலை. உவர்நீரைப் பாத்தி மாற்றிப் பாத்தி மாற்றிச் சுண்டவைத்து, உரிய அடர்த்தி வந்ததும் உறையும் உப்பை, நீண்ட கழியில் பலகை கோத்த கருவியால் இழுத்துக் கரையில் சேர்க்கின்றனர். பின் கைப்பு நீரை வடித்துவிட்டுப் புதுநீர் பாய்ச்சுவர். சனவரி பிற்பகுதி முதல் மழை தொடங்கும் வரை இதுவே வாழ்வு. மழைமாதங்களில் வருமானம் இல்லை.

எங்கள் கூட்டத்தைக் கண்டு நின்ற முதியவர் ஒருவரிடம், "நாள்தோறும் இந்த வானத்தின் கீழே வேலை செய்யக் கொடுத்து வைத்தவர் நீங்கள்" என்று எங்களுள் ஒருவர் கூறினார்.

"எனக்கு வெள்ளி எல்லாம் தெரியறதில்லைங்க. முப்பது வருஷம் வெள்ளையப் பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப் போச்சு. சின்ன வயசுல விருச்சி ஏறினா மணி என்னன்னு சொல்லுவேன்" என்றார் அவர், குறைப்படும் குரலின்றி.

பகல் முழுதும் உப்பின் வெண்மையிலிருந்து திருப்பியடிக்கும் வெயில் கண்ணை வாட்டுகிறது. கறுப்புக் கண்ணாடி வாங்கித் தந்தாலும் வியர்வையில் அணிய இயலவில்லை என்கின்றனர். பைனாகுலரை அவரிடம் நீட்டினோம். வெகுநேரம் வானத்தில் துழாவினார். "சிவப்பா ஒண்ணு தெரியுது" என்றார். அது கேட்டை.

அவரோடு வந்த பெண் ஒருத்தி எங்களைத் தனியே அழைத்து, "நீங்க பத்திரிகைக்கு எழுதறவங்களா? அப்ப ஒண்ணு எழுதுங்க. ஊர்லேர்ந்து இந்த வழிக்கு ஒரு விளக்கு போடச் சொல்லுங்க. பாம்பு மேல கால் வெச்சாத்தான் தெரியுது" என்றாள். நாங்கள் இருட்டைத் தேடி நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்தவர்கள்; அவளோ அந்த இருட்டில் நாள்தோறும் அஞ்சி நடப்பவள். அவள் கேட்டதை இங்கே எழுதிவிட்டோம்.

அவ்வழிக்கு விளக்கு வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து. இடுப்பளவு உயரத்தில், மேலே மூடியிட்டு, பாதைமீது மட்டும் விழும் மஞ்சள் விளக்குகள் பத்து இருந்தால் அவளும் அஞ்சவேண்டாம், வானமும் கெடாது. விண்மீன் நகரம் என்று 2001இல் முதன்முதலாகச் சிறப்பிக்கப்பட்ட அமெரிக்காவின் பிளாக்ஸ்டாஃப் நகரம் இருட்டில் மூழ்கிக் கிடக்கவில்லை. அங்கே தெருவிளக்குகள் எரிகின்றன. 1958இலேயே விளம்பரத்துக்காக வானில் ஒளிக்கதிர் வீசுவதைத் தடைசெய்த ஊர் அது. இங்கே வானத்தைக் கெடுப்பவை ஏழைகளின் தெருவிளக்குகள் அல்ல. கடற்கரைச் சாலையில் ஆண்டுதோறும் எழும் உல்லாச விடுதிகள் கடலை நோக்கி இரவெல்லாம் எரியவிடும் வெள்ளை எல்.இ.டி. விளக்குகளும் வெளிச்சமிட்ட விளம்பரப் பலகைகளுமே.

அவ்வொளியால் விண்மீன் பார்ப்போர்க்கு மட்டும் இழப்பன்று. சோழமண்டலக் கரையில் பங்குனி ஆமைகள் டிசம்பர் முதல் மார்ச் வரை மணலில் முட்டையிடுகின்றன. ஏறத்தாழ 45 நாள் கழித்து இரவில் வெளிவரும் குஞ்சுகள், வெளிச்சமான திசையே கடல் என்று கொண்டு ஓடும். இயற்கையில் அது சரியான கணக்கு. கடற்பரப்பு நிலத்தைவிட ஒளிர்ந்திருக்கும். விடுதியின் விளக்கு கரைப்பக்கம் எரிந்தால் குஞ்சுகள் சாலையை நோக்கி ஓடிச் சாகின்றன. கழுவெளிக்கு வரும் பறவைகளும் ஒளியால் வழிதவறும். காப்பகம் என்று அறிவித்துப் பலகை நட்டால் போதாது. அதைச் சுற்றியுள்ள விளக்குகளுக்கு ஒழுங்கு வேண்டும்.

செல்ல விரும்பும் வாசகர்களுக்குச் சில சொற்கள். அமாவாசைக்கு முன்னும் பின்னும் நான்கு நாள் தகுந்தவை. பிப்ரவரியும் மார்ச்சும் நல்ல மாதங்கள். ஏப்ரலில் பால்வழியைக் காண மூன்று மணி வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் புழுக்கம் மிகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும்; 2011 டிசம்பரில் தானேயும் 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சலும் இக்கரையை எப்படிப் புரட்டின என்பதை உப்பளத்தார் இன்னும் பேசுகின்றனர். பெரிய தொலைநோக்கி தேவையில்லை, 7×50 பைனாகுலர் ஒன்று போதும். உப்புக்காற்றும் பனியும் கண்ணாடியைப் பாழாக்கும், ஆகவே துடைக்க ஈரமற்ற மெல்லிய துணி வேண்டும். டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொண்டால் கண் பழகிய இருட்டு கெடாது. முதியோருக்கு மடக்கு நாற்காலி எடுத்துச் செல்லுங்கள். உப்பளங்கள் குத்தகை நிலங்கள், இசைவின்றி இறங்கலாகாது. வரப்புகள் வழுக்கும், மிதித்தால் சரியும். சரிந்த வரப்பைக் கட்டுவதற்கு ஒருவருக்கு அரைநாள் கூலி போகும். மூன்றரை மணிக்குமேல் மிதிவண்டிகள் வரும்போது பாதையின் ஓரத்தில் ஒதுங்கி நில்லுங்கள். டார்ச் ஒளியை அவர்கள் முகத்தில் அடிக்காதீர்கள்.